பதில் வேண்டாத சொல்

அக்காவுக்கு மைக்கில் பேசுவது பிடிக்காது. அவளுடைய வேலையோ முழுக்க முழுக்க மைக்கில் பேசுவது.

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் யார்டுகளில் ஒன்றில் அவள் வே பிரிட்ஜ் பார்த்தாள். தரையோடு தரையாகப் பதித்த நீளமான இரும்பு மேடை அது. லாரி அதன்மேல் ஏறி நின்றால், பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அறையின் திரையில் எடை விழும். அறைக்குள் அக்கா. மேடையோரக் கம்பத்தில் ஒரு பெட்டி. அக்கா பேசுவது அதில் ஓட்டுநருக்குக் கேட்கும், ஓட்டுநர் பேசுவது அறைக்குள் கேட்கும். "முன்னாடி வா. இன்னும் வா. நில்லு. இஞ்சின் ஆஃப் பண்ணு. போலாம்." காலையிலிருந்து சாயங்காலம்வரை இதுதான்.

நான் அங்கே டாக்குமென்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவள் என் கூடப் பிறந்தவள் அல்ல, அங்கே பழகி அக்கா ஆனவள். அப்பா ராயபுரத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆபீஸில் என் நாற்காலிக்கு இடமில்லாததால் அக்காவின் அறையில் ஒரு மூலையைக் கொடுத்தார்கள். அங்கிருந்த காலம் முழுக்க அந்த மூலையிலேயே இருந்தேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான். அவள் வீட்டை நான் பார்த்ததில்லை. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறையில் தனியாக இருந்தாள் என்பது மட்டும் தெரியும்.

"எங்கப்பா வயசு கீது அந்தாளுக்கு," என்பாள், மைக்கை அணைத்துவிட்டு. "அவரப் பாத்து 'பின்னாடி போ'ன்றேன் நானு."

"'போங்க'ன்னு சொல்லுங்களேன் அக்கா."

"சொல்லிப் பாத்தாச்சி நைனா. இந்தப் பொட்டியில பாதி காத்துலயே பூடுது. மரியாதைதான் மொதல்ல பூடுது."

இதற்கு அவள் கண்ட வழியை அந்தச் சாலையில் வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். 'இந்தக் கட்டளை என்னுடையது அல்ல, மெஷினுடையது' என்று பொருள்படுகிற ஒரு குட்டிச் சொல்லை உண்டாக்கினாள். உலகத்தில் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிற கொஞ்சம் பேர் மட்டும் பேசும் ஒரு மொழியில் அதைச் சேர்க்கச் சொல்லி எழுதிப் போட்டாள்.

அந்த மொழியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது எந்த ஊரிலும் பிறந்ததல்ல. சிலர் உட்கார்ந்து யோசித்து, தர்க்கப்படி கட்டிய மொழி. ஒரு வாக்கியத்துக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும், கேட்பவர் ஊகிக்கும்படி எதையும் விட்டுவைக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. கற்றுக்கொண்டவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடி அதில் பேசிக்கொள்கிறார்கள். மொழியில் ஏதோ குறைகிறது என்று யாருக்குத் தோன்றினாலும் புதிதாக ஒரு சொல்லை முன்வைக்கலாம். ஆனால் அது நேராக மொழிக்குள் போய்விடாது. சோதனைப் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே போய்க் காத்திருக்கும். முன்வைத்தவர் அதை எத்தனை முறை பேசினாலும் கணக்கில்லை. வேறொருவர், யாரும் கேட்டுக்கொள்ளாமல், தனக்கே தேவைப்பட்டு அதைப் பேச வேண்டும். தன் தாய்மொழிப் பேச்சின் நடுவில் கலந்து பேசினாலும் சரி. அவர் பேசியதையும், எந்த நிலையில் பேசினார் என்பதையும் அப்படியே பக்கத்தில் எழுத வேண்டும். எல்லாரும் படித்து, கேள்வி கேட்டு, விவாதிப்பார்கள். அதற்குப் பிறகுதான் சொல் உள்ளே வரும்.

இதெல்லாம் அக்காவுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், "போன்ல இன்னாத்தையோ தேடினேன், இன்னாமோ வந்துட்சி," என்பாள். ஏன் விடாமல் பிடித்துக்கொண்டாள் என்று கேட்டதற்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். சின்ன வயதில் அவள் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். சான்றிதழைக் கேட்டதும் "தோ, பையில கீது சார்" என்று சொல்லியிருக்கிறாள். எதிரே இருந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தார்களாம்.

"அந்தக் குழுல அது முடியாது நைனா. பொறந்ததுல இருந்து பேசறவன் ஒருத்தனும் இல்ல. அல்லாரும் கத்துக்கினு வந்தவன்தான். யாரு யாரப் பாத்து சிரிக்கிறது?"

கல்லூரியில் ஆங்கில வகுப்பில் வாயைத் திறக்காமலே மூன்று வருடத்தை ஓட்டியவன் நான். அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மொழியை நான் கற்றுக்கொள்ளவும் இல்லை. அவளும் வா என்று கூப்பிடவில்லை.

வீட்டில் அம்மாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். "யாருமே பேசாத பாஷைக்கு இன்னாத்துக்குடா புச்சா வார்த்த?" என்று கேட்டாள் அம்மா. மறுநாள் அக்காவிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள். லாரி மேடையில் ஏறும்போதுகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் மைக்கை எடுத்தாள்.

அக்காவுடைய ஒரு பழக்கம் புதிதாக வருகிறவர்களைக் கொஞ்சம் மிரளவைக்கும். "சாப்ட்டீங்களா மேடம்?" என்று யாராவது கேட்டால், "நெஜமா கேக்கறியா, சும்மா கேக்கறியா?" என்பாள். கோபமாக அல்ல. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். சும்மா கேட்டேன் என்றால், "அப்ப சரி" என்று தலையாட்டுவாள். நிஜமாகக் கேட்டேன் என்று சொன்னால் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்வாள்: காலையில் இரண்டு இட்லி, ஒன்று உடைந்தது, சட்னியில் உப்பு தூக்கல். வாட்ச்மேன் ஒருநாள் தெரியாமல் "நெஜமாதான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்தால் சல்யூட்டோடு சரி.

திங்கட்கிழமை காலையில் முதல் லாரிக்கு அவள் குரல் கரகரக்கும். முதலில் சளி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் யாரிடமும் பேசியிருக்க மாட்டாள்.

இன்னொரு சொல்லையும் முன்வைத்திருந்தாள். அந்த மொழியில் ஒரு விஷயத்தைச் சொன்னால், அதை எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதையும் ஒட்டிச் சொல்ல வசதி உண்டாம். கண்ணால் பார்த்தது, பிறர் சொன்னது, ஊகித்தது என்று தனித்தனியாக. அக்கா அதில் மூக்கால் அறிந்தது என்று ஒன்று வேண்டும் என்றாள்.

"இங்க காத்து எந்தப் பக்கம் அடிக்கிதுன்னு யாரு சொல்றது? மூக்குதான? கொடுங்கையூர் குப்பை எரியற பொகைன்னா ஒரு நாத்தம், கருவாடுன்னா ஒரு நாத்தம், கேஸுன்னா இன்னொண்ணு. கண்ணுக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனா தெரியும்."

குழுவில் யாரோ, இதெல்லாம் 'கவனித்தேன்' என்ற சொல்லிலேயே அடங்கிவிடுமே என்று பணிவாக எழுதியிருந்தார். அக்கா நீளமாக ஒரு பதில் எழுதினாள். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "அவங்க ஊர்ல நாத்தமே இல்லபோல. நல்லா இருக்கட்டும்," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மூன்றாவது சொல்தான் அவளுக்கு முக்கியமானது. அதன் பெயர் லெஹோ. ஒன்றைச் சொல்லிவிட்டு, முடிவில் லெஹோ என்று சேர்த்தால், 'சொல்லத்தான் சொன்னேன், பதில் வேண்டாம்' என்று அர்த்தம். அவள் அம்மா இறந்தபோது தோன்றியதாம்.

"சொன்னவொடனே எதிர்ல இருக்கறவன் மூஞ்சி மாறுது நைனா. எதுனா சொல்லணுமேன்னு பேஜாராவுது அவனுக்கு. அப்பால நான் அவனுக்கு ஆறுதல் சொல்றேன். பரவால்லப்பா, வயசாயிட்சி, இன்னா பண்றதுன்னு. எனக்கு சொல்லணும், அவ்ளோதான். பதில் வேணாம். அத எப்பிடி சொல்றது?" என்றாள். சற்றுப் பொறுத்து, "அதனால சொல்றதையே விட்டுட்டேன்," என்றாள்.

பதில் வேண்டாம் என்றால் பேசாமலே இருந்துவிடலாமே என்று குழுவில் ஒருவர் எழுதினார். அக்கா அதைப் படித்துவிட்டு மைக்கை எடுத்து அடுத்த லாரியைக் கூப்பிட்டாள்.

தினமும் காலையில் முதல் லாரி வருவதற்கு முன் சோதனைப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள். லெஹோவுக்குக் கீழே 'பிறர் பயன்படுத்தியது' என்ற இடம் காலியாகவே இருக்கும். மூடிவிட்டு மைக்கை ஆன் செய்வாள்.

அந்தச் சொல் யார்டுக்குள் வந்தது ஒரு சின்ன எரிச்சலில்தான். மைக்கில் எதைச் சொன்னாலும், கேட்டுவிட்டது என்று காட்ட ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள். கண்ணாடி அதிரும். ஒருநாள் தாங்க முடியாமல் அக்கா மைக்கில், "முன்னாடி வா, லெஹோ," என்று சொல்லிவிட்டாள். லாரியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இன்னா மேடம், திடீர்னு சாமி வந்துட்சா?"

"பதிலு வேணாம்னு அர்த்தம். ஆரன் அடிக்காத."

"அத தமிழ்ல சொல்றது?"

"தமிழ்ல சொன்னா அடிக்கிறியே!"

இரண்டு வாரத்தில் யார்டு முழுக்க அது பரவிவிட்டது. கிளீனர் பையனைத் திட்டிவிட்டு லெஹோ, டீக்கடையில் கடன் சொல்லிவிட்டு லெஹோ. எனக்கு ஒரே சந்தோஷம். இதையெல்லாம் பக்கத்தில் எழுதலாமே என்றேன். அக்கா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"இது என்னை கலாய்க்கிறது நைனா. நான் சொன்னத எனக்கே திருப்பி வுடறாங்க. தேவைப்பட்டு பேசணும்."

அந்தச் சமயத்தில்தான் குழுவில் அந்த அறிவிப்பு வந்தது. சோதனைப் பக்கம் குப்பையாகிவிட்டது, முன்வைத்தவரைத் தவிர இன்னொருவர் பயன்படுத்தாத சொற்களை எல்லாம் மாதக் கடைசியில் நீக்கப் போகிறோம் என்று. அக்கா எனக்கு அதைப் படித்துக் காட்டினாள். மெஷின் சொல்லும் மூக்குச் சொல்லும் போனால் போகட்டும் என்றாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடி, திரும்பவும் பைக்குள் வைத்தாள்.

"லெஹோவ நான் யூஸ் பண்றேன் அக்கா. நெஜமாவே."

"நான் சொல்லி நீ பேசினா அது நான் பேசினதுதான்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் குழுல எனக்குன்னு வேற ஒண்ணும் இல்லடா. ஏதோ இந்த மூணு வார்த்தைக்காக அப்பப்ப யாருனா என் பேரச் சொல்லி எதுனா கேப்பாங்க. இதுவும் பூட்சின்னா என்னை எதுக்குக் கூப்புடப் போறாங்க?"

சொல் உள்ளே போகுமா போகாதா என்பதைவிட, உலகத்தில் எங்காவது ஒருவர் அவளிடம் பேச ஒரு காரணம் மிச்சமிருக்குமா என்பதுதான் அவளுக்குப் பிரச்சினை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த யார்டில் இப்போது வே பிரிட்ஜ் பார்க்க ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன். கேமரா இருக்கிறதாம். பதிவு செய்த ஒரு பெண் குரல் "தயவுசெய்து முன்னே வரவும்" என்கிறதாம். நான் அதற்கு முன்பே வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அக்கா எங்கே போனாள் என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. போன் நம்பரும் மாறிவிட்டது.

அந்த மாதக் கடைசி நெருங்கியபோது, யார்டுக்கு வழக்கமாக வரும் மீஞ்சூர்க்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், டிரெய்லர் ஓட்டுபவர். அதிகம் பேச மாட்டார். கொஞ்ச நாளாக ஆளையே காணவில்லை. லாரி மேடையில் நின்றதும் அக்கா தன் வழக்கத்தை மீறி மைக்கில் கேட்டாள்: "இன்னாண்ணா, ரொம்ப நாளா காணோம்?"

பெட்டியில் இஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது.

"என் பொண்டாட்டி பூட்டாம்மா," என்றார். "லெஹோ."

கிண்டலே இல்லை. அந்தச் சொல்லைத் தேடி எடுத்து வைத்தமாதிரி இருந்தது. எடை விழுந்தது. ஸ்லிப் வந்தது. "போலாம்ணா" என்று மட்டும் சொன்னாள் அக்கா. லாரி போய்விட்டது.

நான் எழுந்தே விட்டேன். "அக்கா! வந்துட்சி! யாரும் கேக்கல, தேவைப்பட்டுதான் பேசினாரு. இப்பவே எழுதுங்க."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தேன்.

"எழுதினா இன்னா கேப்பாங்க தெரியுமா? யாரு செத்தது, எப்பிடிச் செத்தாங்க, எந்தக் குரல்ல சொன்னாரு, துக்கத்துல சொன்னாரா, பழக்கத்துல சொன்னாரா? அல்லாரும் வந்து ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. பதிலு வேணாம்னு அந்த மனுசன் சொன்னத எடுத்து ஊரு முழுக்க பதிலு கேக்கவா?"

"அவருக்குத் தெரியாதே அக்கா."

"ஆமா. அவருக்குத் தெரியாது."

அன்றைக்கும் மறுநாளும் அவள் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒருமுறை ஏதோ தட்டச்சு செய்யவும் ஆரம்பித்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். திரும்பியபோது எழுதியதை அழித்திருந்தாள். மாதக் கடைசி வந்தது. மறுநாள் காலையில் போனை என்னிடம் நீட்டி, "நீ பாரு," என்றாள். மூன்று சொற்களும் இல்லை. இல்லை அக்கா என்றேன். தலையாட்டினாள். அன்று செவ்வாய்க்கிழமை. ஆனால் முதல் லாரிக்கு அவள் குரல் கரகரத்தது.

அதற்குப் பிறகு அவள் போனை அதிகம் எடுக்கவில்லை. லாரி வராத நேரங்களில் சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓட்டுநர்கள் லெஹோ என்று கத்தினால் கேட்காததுபோல இருந்தாள். அவர்களும் இரண்டு நாளில் அலுத்து விட்டுவிட்டார்கள். பழையபடி ஹாரன்தான்.

அந்த வாரமே மீஞ்சூர்க்காரர் மறுபடி வந்தார். மத்தியான நேரம், பின்னால் நல்ல வரிசை. லாரி மேடையில் நின்றது, இஞ்சின் அணைந்தது, எடை விழுந்தது.

"போலாம்ணா."

லாரி நகரவில்லை. கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின்மேல் இருந்தன.

"அண்ணா, போலாம்."

"சோறு நானே ஆக்கிக் கட்டிகினு வரேம்மா," என்றார் பெட்டியில். "கொழஞ்சி பூடுது."

அவ்வளவுதான். பின்னால் ஒரு ஹாரன், அப்புறம் இன்னொன்று. அக்கா மைக்கில் வைத்த விரலை எடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"லெஹோ சொன்னாரா?"

"இல்லக்கா."

"நல்லாக் கேட்டியா?"

"சொல்லல."

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். மேடையில் வண்டி நிற்கும்போது ஆள் யாரும் அதன்மேல் ஏறக் கூடாது. எடை தப்பாகிவிடும். அந்த விதியை யார்டிலேயே கறாராகப் பிடித்தவள் அவள்தான். ஒருமுறை சூப்பர்வைசரையே மைக்கில் இறங்கச் சொல்லியிருக்கிறாள். இப்போது வெயிலில் விறுவிறுவென்று நடந்து, நேராக மேடையில் ஏறினாள். திரையில் எண் கொஞ்சம் உயர்ந்தது.

லாரிக் கதவு திறந்தது. மீஞ்சூர்க்காரர் மெல்ல இறங்கி அவள் முன்னால் நின்றார். எண் மாறவில்லை. அவருடைய எடை ஏற்கெனவே அதில் இருந்தது.

பெட்டியில் அவர்கள் குரல் கேட்க ஆரம்பித்தது. நான் ஸ்விட்சை அணைத்தேன். சூப்பர்வைசர் போனில் கத்தினார். வண்டியில் ஏதோ கோளாறு சார், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். வரிசை முழுக்க ஹாரன் அடித்தது. அக்கா கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள், அவர் கேட்டார். பிறகு அவர் சொன்னார், அக்கா கேட்டாள். திரையில் அந்த எண் இறங்கவே இல்லை.